காலந் தவறும் பேருந்தும் கால்கடுக்கும் உழைப்பாளரும்

பேருந்து என்னும் சொல் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது. ஓட்டுநர், நடத்துநர், பணிமனை, வழித்தடம் என்னும் சொற்களும் அதனோடு நிலைத்துவிட்டன. அரசு உறுதியோடு எழுதியது. மக்கள் வாயிலும் அவை நின்றன. சொல் நின்றது, ஆனால் அச்சொல்லுக்குரிய பொருள்தான் குறித்த நேரத்தில் குறித்த நிறுத்தத்தில் வந்து நிற்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே திருக்குறள் எழுதப்பெற்ற பேருந்துகள் ஓடும் நாடு இது. அத்திருக்குறளில் காலமறிதல் என்றே ஓர் அதிகாரம் உண்டு. குறளை ஏந்தி வரும் வண்டி காலத்தை மட்டும் அறியாமல் வருவது எத்துணை முரண்!

சென்னை மாநகரின் தென்கோடியில் கண்ணகி நகர் என்றொரு குடியிருப்பு உள்ளது. நகரின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசை கட்டி வாழ்ந்த ஏழையரை 2000-ஆம் ஆண்டளவில் இருந்து அரசு அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அவ்வாறே செய்தது. வீடு பெயர்ந்தது, வேலை பெயரவில்லை. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் வீட்டு வேலை செய்து வந்த பெண், அவ்வேலைக்கே நாள்தோறும் பேருந்தேறி வரவேண்டியவள் ஆனாள். அவள் ஏழு மணிக்கு வீட்டுவாயிலில் நின்றால்தான் அடுத்த வீட்டிற்கு எட்டரைக்குப் போகமுடியும். பேருந்து அரைமணி பிந்தினால் ஒரு வீட்டின் வேலை போகும். அடிக்கடி பிந்தினால் அந்த வீடே போகும். அலுவலகத்தில் உள்ளவர்க்குப் பிந்தி வந்ததற்கு ஒப்புதல் கிடைக்கும்; கூலிக்கு வேலை செய்வார்க்குக் கூலி பிடிக்கப்படும். பேருந்தின் காலத்தவறு என்பது ஏழையின் மீது போடப்படும் வரி. எந்தச் சட்டமன்றமும் நிறைவேற்றாத வரி. ஆனால் நாள் தவறாமல் தண்டப்படும் வரி. முறை கேட்டு அரசவைக்கே சென்றவளின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில் வாழும் பெண்கள் கேட்கும் முறை மிக எளியது: பேருந்து எப்பொழுது வரும் என்பது தெரியவேண்டும்; தெரிந்தபடி அது வரவும் வேண்டும்.

இம்மாநகருக்குப் பொதுப் போக்குவரத்து புதியதன்று. 1895-இலேயே இங்கு மின்னாற்றலால் இயங்கும் டிராம் வண்டி ஓடியது. 1953-இல் அது நின்றது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டையொட்டி, தனியார் வசமிருந்த நகரப் பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அதுவே 1997-இல் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் எனப் பெயர் பெற்றது. ஊதியம் ஈட்டுவதற்கன்று, மக்களுக்கு உதவுவதற்கே பேருந்து என்னும் கொள்கை ஒன்று இவ்வரலாற்றின் அடியில் உள்ளது. அக்கொள்கை பழுதன்று. அதை நடைமுறைப்படுத்தும் முறையில்தான் பழுது.

பேருந்து நேரத்திற்கு வரவில்லை என்றவுடன், "இன்னும் ஆயிரம் பேருந்து வாங்குவோம்" என்பதே ஆள்வோர் வாயில் வரும் விடை. பேருந்துகள் போதவில்லை என்பது உண்மையே. 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுரக் கி.மீ.-இலிருந்து 426 சதுரக் கி.மீ. ஆக விரிந்தது. அவ்வாண்டின் கணக்கெடுப்பில் மாநகரத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 86 இலக்கத்து 50 ஆயிரம். ஆயிரம் பேர்க்கு 0.6 பேருந்தேனும் வேண்டும் என்பது நடுவண் அரசின் நகர்வளர்ச்சித் துறை வகுத்த அளவுகோல். அதன்படி 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கே 5,000-க்கு மேற்பட்ட பேருந்துகள் தேவை. ஆனால் 2010-களின் இடையில் 3,700-க்கு மேல் இருந்த கழகத்தின் வண்டிகள், 2020-ஐ ஒட்டி 3,500-க்கும் கீழே இறங்கின. ஊர் வளர்ந்தது, வண்டி குறைந்தது. வளரும் பிள்ளைக்குச் சட்டையைச் சுருக்கித் தைத்த கதை இது.

எனினும், எண்ணிக்கை மட்டும் சிக்கலைத் தீர்த்துவிடாது. இதனை ஒரு சிறு கணக்கால் எவரும் அறியலாம். ஒரு நிறுத்தத்திற்கு ஒரு மணி நேரத்தில் நான்கு பேருந்துகள் வருவதாகக் கொள்வோம். அவை கால்மணிக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நிறுத்தத்திற்கு வருவோர் நிரவலாக ஏழரை நிமையம் காத்திருப்பர். அந்த நான்கே பேருந்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அரைமணிக்கு ஒருமுறை வந்தால், காத்திருப்பு நிரவலாகப் பதினைந்து நிமையம் ஆகும். நான்கும் ஒருசேர வந்தால் முப்பது நிமையம் ஆகும். வண்டி அதே நான்கு. எரிநெய் அதே அளவு. ஓட்டுநர், நடத்துநர் சம்பளமும் அதே. மக்களின் காத்திருப்பு மட்டும் இருமடங்கு, நான்மடங்கு. கழகத்தின் ஏட்டில் நான்கு நடைகளும் ஓடியதாகவே பதிவாகும். ஏட்டுக்கணக்கு நிறையும், நிறுத்தத்தில் நிற்பவர் நெஞ்சு எரியும்.

பேருந்துகள் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? இஃது ஓட்டுநரின் சோம்பலால் வருவது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு. ஒரு வண்டி குறிவிளக்கில் இரண்டு நிமையம் சிக்கிக்கொண்டால், அந்த இரண்டு நிமையத்தில் அடுத்த நிறுத்தத்தில் மேலும் சிலர் வந்து சேர்வர். அவர்கள் ஏறி இறங்க நேரமாகும்; வண்டி மேலும் பிந்தும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகியிருக்கும். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்றுவதற்கு ஆளில்லை. அது விரைந்து வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். சிறு பிந்தல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. முன்னது நிறைமாதக் கருவுற்றவள்போல் ஊர்ந்து செல்ல, பின்னது வெறும் இருக்கைகளைச் சுமந்து வரும் காட்சியை அண்ணா சாலையில் காணாதார் யார்?

இக்காட்சி சினத்தை மட்டும் விளைப்பதன்று, உயிரையும் குடிப்பது. அடுத்த வண்டி எப்பொழுது வரும் என்று அறியாதவன்தான் வந்த வண்டியின் படியில் தொங்குகிறான். 2012 திசம்பரில் பழைய மாமல்லபுரச் சாலையில், பேருந்தில் தொங்கிச் சென்ற மாணவர் நால்வர் சரக்குந்தில் மோதுண்டு மாண்டனர். சென்னை உயர்நயன்மன்றம் அதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மாணவர்க்கு அறிவுரை கூறியோர் பலர். வண்டிகளுக்குக் கதவு பொருத்தவேண்டும் என்றோரும் பலர். கதவு வேண்டியதுதான். ஆனால் கதவடைத்துச் செல்லும் நெரிசல் வண்டிக்குப் பின்னால் ஐந்து நிமையத்தில் இன்னொன்று வரும் என்னும் உறுதி இருந்தால், எந்தத் தாயின் மகன் படியில் தொங்குவான்?

அடுத்த கரணியம் நேர அட்டவணையில் உள்ளது. ஒரு வழித்தடத்தை ஒரு மணி நேரத்தில் கடக்கலாம் என்று அட்டவணை கூறுகிறது என்க. மாலை நெரிசலில் அதனைக் கடக்க ஒன்றேகால் மணி ஆகிறது. எட்டு மணி நேரத்தில் எட்டு நடை என்று எழுதி வைத்தால், ஆறு நடைக்கு மேல் ஓட்ட இயலாது. மீந்த இரண்டு நடைகள் எங்கே போயின? அவை பெரும்பாலும் மாலையின் கடைசி நடைகளாகவே இருக்கும். வேலை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கும், இரண்டாம் முறைப்பணி முடித்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வெளிவரும் தொழிலாளிக்கும் வேண்டிய நடைகள் அவை. பகலின் பிழைகள் எல்லாம் திரண்டு இரவில் வந்து விடிகின்றன. ஓடமுடியாத அட்டவணையை எழுதுவது ஓட்டுநரைப் பொய்யராக்குவது, அவ்வளவே.

ஓட்டுநரும் நடத்துநரும் எந்திரத்தின் உறுப்புகள் அல்லர். கோடை வெயிலில் எந்திரச் சூட்டின் அருகில் அமர்ந்து, நெரிசலில் ஒவ்வொரு நொடியும் ஈருருளிகளைத் தவிர்த்து ஓட்டுகின்றவன், கடைநிறுத்தத்தில் இறங்கி ஒரு குவளை நீர் அருந்தவும் சிறுநீர் கழிக்கவும் நேரம் வேண்டாவா? அட்டவணையில் அந்நேரம் இல்லையெனில் அவன் அதைத் திருடியே எடுக்க வேண்டும். அல்லது தன் உடலைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். கடைநிறுத்தத்தில் வைக்கப்படும் ஓய்வு நேரம் வீண் நேரமன்று. பிந்தி வந்த வண்டி அடுத்த நடையைச் சரியான நேரத்தில் தொடங்குவதற்கு அதுவே இடந்தருவது. தொழிலாளிக்கு நன்மையானதும் மக்களுக்கு நன்மையானதும் ஈண்டு ஒன்றாகவே இருக்கின்றன. 2018 சனவரியிலும் 2024 சனவரியிலும் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு, ஓய்வுபெற்றோர் நிலுவை, நிரப்பப்படாத பணியிடம் என்பனவே அவர்கள் எழுப்பிய குறைகள். ஆளில்லாப் பணிமனையில் வண்டி இருந்தும் நடை ஓடாது. பணியிடம் காலியாக இருக்க, நேரந் தவறுகிறது என்று பணியிலிருப்பவனை ஒறுப்பது நயன்மை ஆகாது.

நடத்துநர்க்கும் ஓட்டுநர்க்கும் தண்டிய பணத்தின் அளவிற்கேற்பப் படி வழங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதன் விளைவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தண்டலுக்குப் படி என்றால், கூட்டமுள்ள நேரத்தில் ஓடும் வண்டிக்கே மதிப்பு. ஒழுங்காக இடைவெளி காத்து ஓடும் வண்டிக்கு மதிப்பில்லை. 2021 மே 8 முதல் பொதுக்கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அரசு ஆணையிட்டது. அது பாராட்டத்தக்க ஆணை. ஏழைப் பெண்ணின் கைக்காசு அதனால் மிஞ்சியது. ஆனால் காசு மிஞ்சிய பெண்ணுக்கு நேரம் மிஞ்சவில்லையெனில் அறம் பாதியில் நின்றதாகவே பொருள். கட்டணமின்றி ஏறலாம் என்பதோடு, காத்திராமல் ஏறலாம் என்பதும் சேர்ந்தால்தான் அது முழுமையான உரிமை. இல்லையேல், கட்டண வண்டிகள் இரண்டு கடந்துபோக, கட்டணமில்லா வண்டிக்காக அவள் வெயிலில் காத்திருக்கும் நிலையே மிஞ்சும்.

இனி, சாலையின் செய்தி. ஒரு வழித்தடத்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி ஆகிறது என்று கொள்வோம். பத்து நிமையத்திற்கு ஒரு பேருந்து விட, பன்னிரண்டு வண்டிகள் போதும். நெரிசலால் போகவர இரண்டரை மணி ஆனால், அதே பத்து நிமைய இடைவெளிக்குப் பதினைந்து வண்டிகள் வேண்டும். நெரிசல் மூன்று வண்டிகளை விழுங்கிவிட்டது. இதனைத் திருப்பிப் பார்த்தால், பேருந்துக்கென்று சாலையில் ஓர் ஒழுங்கையை ஒதுக்கி, பழைய விரைவை மீட்டுத் தருவது, அவ்வழித்தடத்திற்கு மூன்று வண்டிகளையும் அவற்றை ஓட்டும் ஆட்களையும் வாங்கித் தருவதற்கு நிகர். வண்ணப் பட்டையும் காவலர் சிலரும் அதற்குப் போதும். அறுபது பேரைச் சுமந்து வரும் பேருந்து, ஒருவனையோ இருவரையோ சுமக்கும் மகிழுந்துகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும் என்று எந்த நயன்மை நூல் கூறுகிறது? சாலை பொதுச்சொத்து என்றால், அது வண்டிகளின் எண்ணிக்கையால் பங்கிடப்பட வேண்டுவதன்று; மக்களின் எண்ணிக்கையால் பங்கிடப்பட வேண்டுவது.

இது நடவாத கனவு என்பார் உளர். பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம் 1974-இலேயே பேருந்துக்கெனத் தனிச்சாலை வகுத்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-ஆம் ஆண்டு அவ்வழியைப் பின்பற்றியது. அகமதாபாத்து 2009-இல் அதனைத் தொடங்கியது. தில்லி 2008-இல் தொடங்கியதைப் பின்னர் 2016-இல் இடித்து நீக்கியதும் உண்மையே. மகிழுந்துக்காரர் எழுப்பிய கூக்குரல் அங்கே வென்றது. ஆகலான் ஒழுங்கை வகுப்பது பொறியியல் வேலை மட்டுமன்று. யார் பக்கம் நிற்பது என்னும் அரசியல் துணிவும் ஆகும். கொரிய நாட்டுச் சியோல் மாநகர் 2004 சூலையில் தன் பேருந்து முறை முழுவதையும் ஒருசேர மாற்றியது. வண்டிகள் தனியாரிடமே இருந்தன. வழித்தடத்தையும் கட்டணத்தையும் அட்டவணையையும் நகராட்சி தன் கையில் எடுத்துக்கொண்டது. தண்டிய காசுக்கு மாறாக ஓடிய தொலைவுக்குப் பணம் கொடுத்தது. சாலை நடுவே பேருந்துக்கு ஒழுங்கை வகுத்தது. பேருந்திலிருந்து தொடர்வண்டிக்கு மாறினால் மறுகட்டணம் இல்லை என்றது. தன் மொழியிலேயே கற்றுத் தன் மொழியிலேயே ஆளும் நாடு அது. அயலவர் மொழியில் அறிக்கை எழுதிக்கொண்டிராமல் தன் மக்களுக்குப் புரியும்படி சொல்லிச் செய்து முடித்தது.

இலண்டன் மாநகரின் பட்டறிவும் கருதத்தக்கது. அடுத்தடுத்து வண்டி வரும் வழித்தடங்களில், அங்கே வண்டி அட்டவணைப்படி வந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. சீராக வந்திருந்தால் மக்கள் காத்திருக்கவேண்டிய நேரம் எவ்வளவு, உண்மையில் காத்திருந்தது எவ்வளவு என்று கணக்கிட்டு, அவ்விரண்டின் வேறுபாட்டை அளக்கின்றனர். அக்கூடுதல் காத்திருப்பு குறைந்தால் வண்டி ஓட்டும் நிறுவனத்திற்கு மிகுதிப் பணம், கூடினால் பணப்பிடித்தம். அளவுகோல் நிறுத்தத்தில் நிற்பவனின் கையில் இருக்கிறது; பணிமனையின் ஏட்டில் இல்லை. இவ்வொரு மாற்றமே பெரிய மாற்றம்.

சென்னையில் இவ்வளவை தொடங்கத் தடையேதும் இல்லை. 2022-ஆம் ஆண்டிலேயே பேருந்து எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசியில் காட்டும் செயலியை அரசு வெளியிட்டுவிட்டது. வண்டியின் இருப்பிடம் நொடிதோறும் அரசுக்குத் தெரிகிறது என்றால், இரண்டு வண்டிகளுக்கிடையில் இருக்கும் இடைவெளியும் தெரியும் என்பது வெளிப்படை. தெரிந்ததைத் திங்கள்தோறும் வழித்தடம்வாரியாக மக்கள்முன் வைப்பதற்கு மனமொன்றே தேவை. பேருந்து, தொடர்வண்டி, மெட்ரோ ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைக்க 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி அமைந்த குழுமத்தின் முதற்கூட்டம் 2022-இல்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு! குறிஞ்சி ஒருமுறை பூத்து மறுமுறை பூக்கும் காலம். காலந் தவறுவது பேருந்து மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2025 சூனில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு வண்டியையும் ஓட்டுநரையும் தனியார் நிறுவனம் தரும், நடத்துநரைக் கழகம் அமர்த்தும், ஓடிய கி.மீ. கணக்கில் நிறுவனத்திற்குப் பணம் வழங்கப்படும். புகை கக்காத வண்டி நல்லதே. ஆனால் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கி.மீ. கணக்கில் மட்டும் பணம் கொடுத்தால், கி.மீ. மட்டுமே கிடைக்கும், காலந் தவறாமை கிடைக்காது. இடைவெளி காத்தலையும் ஒப்பந்தத்தில் எழுதி, தவறினால் பணம் பிடிக்கவேண்டும். மேலும், அரசுக் கழகத்தை ஆளின்றியும் வண்டியின்றியும் மெலியவிட்டு, மெலிந்தது என்று கூறித் தனியாரிடம் தருவதற்கு இது வாயிலாகிவிடக் கூடாது. 1947-ஐ ஒட்டி மக்கள் உடைமையானதை மக்களறியாமல் கைமாற்ற எவர்க்கும் உரிமையில்லை.

"கழகம் இழப்பில் ஓடுகிறது, இத்தனைக்கும் பணம் எங்கே?" என்று வினவுவோர்க்கு மறுமொழி கூறவேண்டும். மேற்கூறியவற்றுள் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டுவதில்லை. உண்மை நேரத்தை அளந்து அட்டவணையைத் திருத்தி எழுதப் பணம் வேண்டா. ஒட்டிவரும் வண்டிகளுள் பின்னதை இடைநிறுத்தத்தில் இரண்டு நிமையம் நிறுத்திவைக்க நேரக்காப்பாளர் ஒருவர் போதும். இடைவெளிக் கணக்கை வெளியிடப் பணம் வேண்டா. பணம் வேண்டுவன பணியிடம் நிரப்புவதும் பழுதான வண்டிகளை மாற்றுவதுமே. மேம்பாலங்களுக்குச் செலவிட்டபோது ஊதியம் வருமா என்று யாரும் கேட்டாரில்லை. மகிழுந்து செல்லும் மேம்பாலம் வளர்ச்சி, ஏழை செல்லும் பேருந்து இழப்பு என்பது கணக்கியல் அன்று, கண்ணோட்டமின்மை. பேருந்து நேரத்திற்கு வராமையால் கடன்வாங்கி ஈருருளி வாங்கும் இளைஞன், நாளை அதே சாலையின் நெரிசலைப் பெருக்குகிறான். அந்நெரிசல் பேருந்தை மேலும் பிந்தவைக்கிறது. இச்சுழலை அறுக்காமல் எத்தனை பாலம் கட்டினும் பயனில்லை.

ஆகவே அரசு செய்யவேண்டியவை ஐந்து. ஒன்று, ஒவ்வொரு வழித்தடத்திலும் மக்களின் கூடுதல் காத்திருப்பு நேரத்தை அளந்து திங்கள்தோறும் தமிழில் வெளியிடல். இரண்டு, காலை, நண்பகல், மாலை, இரவு என உண்மை ஓட்டநேரத்தின்படி அட்டவணையைத் திருத்தி, கடைநிறுத்த ஓய்வை அதில் எழுதல். மூன்று, அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளில் நெரிசல் வேளையிலேனும் பேருந்துக்குத் தனி ஒழுங்கை அளித்தல். நான்கு, காலியான ஓட்டுநர், நடத்துநர், பழுதுபார்ப்போர் இடங்களை நிரப்பி, படியைத் தண்டலோடு மட்டுமன்றி ஒழுங்கோடும் இணைத்தல். ஐந்து, கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலான மறுகுடியிருப்புகளுக்குச் செல்லும் முதல் நடையும் கடைசி நடையும் எக்கரணியத்தாலும் நீக்கப்படா என்று உறுதியளித்தல்.

ஐந்தாவது உறுதி பிற நான்கினும் தலையாயது. மக்களை நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கோடியில் வைத்தது அரசு. அன்று அவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டபோது, வேலைக்குச் செல்லும் வழியைத் தருவதாக அரசு வாய்திறந்து சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவ்வாக்கு அதனுள் அடங்கியதே. இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தத்தில் தனித்து நின்று, சாலையின் கோடியில் தெரியும் விளக்கொளி தன் வண்டியின் ஒளியோ பிறவண்டியின் ஒளியோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பெண், அவ்வாக்கு காக்கப்படுவதற்கே காத்திருக்கிறாள். அவளை இன்னும் எத்தனை நாள் காக்கவைப்பது?